கழித்தது போதும், பெயரையும் கழியுங்கள்

அனுப்புநர்: 2016 மாடல் பல்சர் 150 ஒன்றை விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், சிங்காநல்லூர், கோவை.

பெறுநர்: விலை நிர்ணயப் பிரிவு, பழைய பைக் வாங்கும் செயலி (விலாசம் செயலியில் இல்லை).

பொருள்: சொன்ன விலை, கொடுத்த விலை, மாறாத ஆர்.சி. – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாவது: வண்டி எண்ணைத் தட்டியதுமே "40,000 முதல் 46,000 ரூபாய் வரை" என்று தங்கள் திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. வண்டியைக் கண்ணால் பார்க்காமலேயே இவ்வளவு பெரிய மனசு காட்டியவர்களை அவர் அதுவரை கண்டதில்லை. அந்தத் தொகைக்கு வீட்டில் வாஷிங் மெஷின்கூட முடிவாகிவிட்டது.

பிறகுதான் சோதனைக்குத் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார், கூல் இன்ஜின்ல பார்க்கணும்" என்று போனிலேயே சொல்லியிருந்தார். வந்தவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்பக்க ஃபோர்க்கில் விரலைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைப் படம் எடுத்தார். ஹேண்டிலை இருபக்கமும் திருப்பி, "கோன் செட் போயிருச்சுங்க சார்" என்றார். செயினை இழுத்தார், உச்சுக்கொட்டினார். டயர் பட்டனை நகத்தால் அளந்தார். பின் மட்கார்டில் மனுதாரரின் மகள் ஒட்டிய வேல் ஸ்டிக்கரைப் பார்த்து, "எடுத்தா கறை நிக்கும்" என்று அதையும் கணக்கில் சேர்த்தார். சர்வீஸ் விட்ட ரசீதுகளையெல்லாம் மனுதாரர் ஃபைல் போட்டு வைத்திருந்தார்; அதைப் பதிவுசெய்யத் தங்கள் செயலியில் கட்டம் இல்லையாம். குறைக்குக் கட்டம் உண்டு, நிறைக்கு இல்லை. இப்படியொரு படிவத்தை வடிவமைத்தவர் முன்பு கல்யாணத் தரகராக இருந்திருக்க முடியாது.

படங்கள் போனதும் டீலர்களுக்கான ஏலம் தொடங்கியது. திரையில் கடிகாரம் பின்னோக்கி ஓடி முடிந்தபோது நின்ற தொகை 27,500. இந்த விலை இன்று மட்டும்தான் என்று எச்சரிக்கை வேறு. வண்டியை எடுத்துப் போக வந்தவரை மனுதாரர் நேரில் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது: அடுத்த தெருவில் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருப்பவர். நேராக அவரிடமே போயிருந்தால் ஒரு டீயாவது கிடைத்திருக்கும். கன்சல்டிங்காரரும் அடித்துத்தான் கேட்பார், ஆனால் முகத்துக்கு நேரே கேட்பார். 46,000 என்று ஆசை காட்டிவிட்டுக் கேட்கமாட்டார்.

ஏன் இந்த விலை என்று கேட்டதற்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவை சொன்ன காரணம் நியாயமானதே. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும், சரி. ஆனால் செப்டம்பரில் குறைந்த வரி, அதற்கு அப்புறம் 46,000 என்று சொன்ன தங்கள் திரைக்கு எப்படித் தெரியாமல் போனது என்று மட்டும் மனுதாரருக்கு விளங்கவில்லை.

போகட்டும், பேரம் என்றால் ஏமாளி ஒருவர் வேண்டும்தான். மனுதாரரின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. பணம் கைக்கு வந்த நாளில் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து வாங்கினீர்கள். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலி, தேதியும் காலி. "பார்ட்டி கிடைச்சதும் மாத்திருவோம் சார்" என்றீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி யார் பெயருக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாதபோது எதைத் தெரிவிப்பார்?

கட்டுக்கதை சொல்லிப் பயமுறுத்துவதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். ஒரு கார் 2007இல் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிப் போய், 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறாமல் கிடந்ததால், முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தச் சிக்கலுக்காகத்தான் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளில், பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததை இணையவழியில் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் வைத்தார்கள். வேல் ஸ்டிக்கரின் கறையைக் கண்டுபிடித்த தங்கள் கண்ணுக்கு அந்த விதி தென்படவில்லை.

மனுதாரர் அச்சப்பட்டதில் பாதி நடந்தும்விட்டது. போன வாரம் அவர் போனுக்கு இ-சலான் வந்தது. ஹெல்மெட் போடவில்லை, அபராதம் 1,000 ரூபாய். படத்தில் வண்டியை ஓட்டிப்போகும் பையன் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் மட்கார்டில் அந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கறைக்குப் பிடித்த காசையாவது இப்போது திருப்பித் தரலாம்.

ஆகவே, வண்டி இன்று யார் கையில் இருக்கிறது என்ற விவரத்தையும், ஒப்படைத்த தேதி போட்ட டெலிவரி நோட்டையும் மனுதாரருக்கு அனுப்பிவைக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்த எண்ணையும் தர வேண்டும். விண்ணப்பிக்கவே இல்லையென்றால் அதை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினாலும் போதும், போலீஸ் ஸ்டேஷனில் காட்ட உதவும். இதையெல்லாம் செயலியின் 'உதவி' பொத்தானிலும் அவர் கேட்டுப் பார்த்தார். எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று அது திருப்பிக் கேட்டது.

இப்படிக்கு,
(ஆர்.சி.யின்படி) வண்டி உரிமையாளர்

இணைப்பு: இ-சலான் நகல், கட்டப்படாதது.