ஓடுவது அவர், இளைப்பது நாம்

இவர் இல்லாத அலுவலகம் இப்போது சென்னையில் இல்லை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள் ஷூ வாங்கியவர். முதலில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பத்து. பிறகு 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான். (அந்தக் கடைசி 195 மீட்டரை விட்டுவிட்டுச் சொன்னால் முகம் சுண்டிவிடும்.) இப்போது ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கு ஓடியே போகப் போகிறாராம், சுமார் 150 கிலோமீட்டர். பஸ் இருக்கிறதே என்றால், “புற்றுநோய் வந்த குழந்தைங்களுக்காக சார்” என்பார். அதற்குமேல் யார் வாயைத் திறப்பது?

விடிகாலை நாலு மணிக்கு அலாரம் அடிக்கும். அவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே. மதியம் கேன்டீனில் தெரியாத்தனமாக அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டால், கறுத்துப்போய் எப்போது விழலாம் என்று காத்திருக்கும் தன் பெருவிரல் நகத்தைச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டுவார். நாம் அப்போது வத்தக்குழம்பு பிசைந்துகொண்டிருப்போம். பனியன் உராய்ந்து மார்க்காம்பில் ரத்தம் கசியாமலிருக்க வேஸ்லின் தடவுவதா, பிளாஸ்திரி ஒட்டுவதா என்பதில் அவருக்கு அசைக்க முடியாத கருத்துகள் உண்டு. அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே அவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வசூலை “கட்டாயமில்லை” என்றுதான் ஆரம்பிப்பார். வாட்ஸ்அப் குழுவில் க்யூஆர் கோடு வரும். அதற்குக் கீழே இதுவரை கொடுத்தவர்களின் பெயர், தொகையோடு. முதல் பெயர் மேலாளருடையது. “நான் புது வரிமுறைக்கு மாறிட்டேன் சார், அதுல 80ஜி கழிவு கிடையாதே” என்று ஒருவர் நழுவப் பார்த்தார். “புண்ணியத்துக்குப் பழசு, புதுசு எல்லாம் ஒண்ணுதான்” என்று மடக்கிவிட்டார்.

வசூல் மந்தமானால் டெரி ஃபாக்ஸைக் கூட்டிவருவார். புற்றுநோய்க்கு வலக்காலைப் பறிகொடுத்த இளைஞர், 1980-இல் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் நின்றார். மறுவருடம் இறந்தும் போனார். இதைச் சொல்லும்போது நம்மவர் குரல் நிஜமாகவே கம்மும். அந்த நேரத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்: டெரி கேட்டது தலைக்கு ஒரு டாலர். நம்மவரின் படிவம் ஐந்நூறு ரூபாயில்தான் தொடங்குகிறது.

2020-இல் கேப்டன் டாம் மூர் இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தையே நூறு முறை சுற்றி நடந்து மூன்று கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினாரே, நீங்களும் மொட்டைமாடியில் நடந்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். “அதுக்கு அவரை மாதிரி 99 வயசாகணும் சார். எனக்கு யார் கொடுப்பாங்க?”

காரைக்குடிப் பக்கத்திலிருந்து அவர் அம்மா வந்திருந்தார். தைப்பூசத்துக்குப் பழனி வரை வெறுங்காலோடு நடந்து பழகியவர். தூரம் காட்டும் கடிகாரமோ, சப்புக்கொட்டிக் குடிக்கும் ஜெல் பாக்கெட்டோ அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மகன் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா வேண்டுதல்?” என்றார். விவரம் சொன்னதும் இன்னும் குழம்பிப் போனார்.

“பிள்ளைகளுக்குப் பணம் வேணும்னா கேட்டு வாங்குறதுதானே? காலை ஏன்டா புண்ணாக்கிக்கிறே?”

“சும்மா கேட்டா யாரும் தரமாட்டாங்க ஆத்தா.”

உண்மைதான். போன வருடம் இதே குழந்தைகளுக்காக, நாற்காலியை விட்டு எழாமலே அலுவலகத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். பதில் போட்டவர்கள் இரண்டு பேர்; இருவரும் “நல்ல முயற்சி” என்று பாராட்டியதோடு சரி. இந்த முறை பயிற்சியின்போது தொடைப் பிடிப்பு வந்து முட்டுக்காடு பாலத்தின் மேல் மல்லாந்து கிடந்த படம் குழுவில் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஐந்நூறு, ஆயிரம் என்று விழுந்துகொண்டே இருந்தது. அனுப்பியவர்களில் நானும் உண்டு.

எனவே உங்கள் அலுவலகத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை இப்போதே கொடுத்துவிடுங்கள். லடாக்கில் செப்டம்பர்தோறும் கர்துங் லா கணவாயைத் தாண்டி 72 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்று நடக்கிறது. எங்கள் ஆள் அதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.