வாழ்நாளில் கண்டதிலேயே தலைசிறந்த மூவர்

அனுப்புநர்: பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மேனேஜர்
பெறுநர்: அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களின் சேர்க்கைக் குழுவினர்
பொருள்: எம்.பி.ஏ. பரிந்துரைப் படிவம் நிரப்புதல் – ஐயங்கள் – தெளிவுரை கோருதல் – தொடர்பாக

ஐயா / அம்மா,

செப்டம்பரில் உங்களில் பலருக்கு முதல் ரவுண்டு விண்ணப்பம் முடிகிறது. அதனால் ஆகஸ்டில் அலுவலகத்தில் என் மவுசு கூடிவிடுகிறது. மற்ற மாதங்களில் என்னைக் கண்டால் படிக்கட்டு வழியாக இறங்கிப் போகிற பிள்ளைகள், "சார், ஒரு டீ சாப்பிடலாமா?" என்கிறார்கள். டீ பாதியில் இருக்கும்போதே விஷயம் வெளியே வரும். "நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? டிராஃப்ட் ரெடியா இருக்கு, சப்மிட் மட்டும் பண்ணிடுங்க."

பரிந்துரையை விண்ணப்பதாரரே எழுதக் கூடாது என்பது உங்கள் விதி. அது மீறப்படவில்லை என்று உறுதியளிக்கிறேன். அவர்கள் எழுதவில்லை, காசு வாங்கிக்கொண்டு கன்சல்டன்ட் எழுதியிருக்கிறார். நான் பழைய காலத்து ஆள், கையெழுத்துப் போடுவதை நானே எழுதிப் பழகியவன். ஆகவே இந்த ஐயங்கள்.

ஜிமேட் தேர்வை நடத்தும் அமைப்பு உருவாக்கி, உங்களில் பலர் ஏற்றுக்கொண்ட பொதுப் படிவத்தில் ஒரு கேள்வி: சகாக்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி? விடைகளில் உச்சியில் இருப்பது, ‘என் பணிவாழ்வில் கண்டவர்களிலேயே தலைசிறந்தவர்’. அதற்குக் கீழே முதல் 5 சதவீதம், அப்புறம் முதல் 10 சதவீதம் என்று படிப்படியாக இறங்கிச் சராசரிக்கும் கீழே போகிறது. இந்த வருடம் என் டீமில் மூன்று பேர் விண்ணப்பிக்கிறார்கள். மூன்று டிராஃப்டிலும் உச்சியில்தான் டிக். ஒருவனுக்கு 10 சதவீதம் போடலாமா என்று யோசித்தேன். அவன் அப்பாவிடம் என் போன் நம்பர் இருப்பது ஞாபகம் வந்தது. ஒரே ஆளுக்குத் தலைசிறந்தவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்று உச்சவரம்பு ஏதும் வைத்திருக்கிறீர்களா?

அடுத்த கேள்வி இன்னும் சிக்கல். இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான ஆக்கபூர்வமான விமர்சனம் என்ன, எந்தச் சூழலில் சொன்னீர்கள், அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? முதலாமவன் விஷயத்தில் உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். விமர்சனம்: "தம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷனுக்கு எதையும் தள்ளாதே." சூழல்: வெள்ளிக்கிழமை சாயங்காலம். எடுத்துக்கொண்ட விதம்: தள்ளினான். வாடிக்கையாளரின் பில்லிங் மொத்தமும் படுத்துவிட்டது. டிராஃப்டில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? அவனுடைய வேகத்துக்கு மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றும், சற்று நிதானிக்கும்படி நான் கேட்டுக்கொண்டதாகவும், அதைப் பெருந்தன்மையோடு அவன் ஏற்றதாகவும் இருக்கிறது. படித்து முடித்தபோது எனக்கே அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

இரண்டாமவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜூன் வரை சாதாரணமாக இருந்தான். ஜூலையில் சமூக அக்கறை பிறந்தது. முதியோர் இல்லத்தில் போட்டோகிராபரோடு போய்ச் சேவை செய்தான். ‘உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்?’ என்பது ஸ்டான்ஃபோர்டின் புகழ்பெற்ற கேள்வி. அப்பாவின் வீட்டுக்கடன் என்று என்னிடம் டீக்கடையில் சொன்னவன், கட்டுரையில் கிராமப்புறப் பெண்கல்வி என்று எழுதியிருக்கிறான். வீட்டுக்கடனில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது ஒரு பெண். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பில்லிங்கை எழுப்பி உட்கார வைத்தவள் அவள்தான். விடியற்காலை மூன்று மணிக்குச் சரிசெய்துவிட்டு, ‘டீம் முடித்துவிட்டது’ என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். அவள் கைவைத்த எதுவும் இதுவரை படுத்ததில்லை. படுக்கப் போவதை முந்தின வாரமே பார்த்துச் சரிசெய்துவிடுவாள். நடக்காமல் போன விபத்தை வைத்து எப்படி அம்மா கட்டுரை எழுதுவது?

ஹார்வர்ட் 2024-ல் கட்டுரைகளை மூன்றாக்கியது. வணிக நோக்குக்கு 300 சொல், தலைமைப் பண்புக்கு 250, வளர்ச்சிக்கு 250. நம் வெள்ளிக்கிழமைத் தம்பிக்கு அந்த ஒரு ராத்திரியே மூன்றுக்கும் போதுமானதாக இருக்கிறது. தோல்வி இருக்கிறது, பாடம் இருக்கிறது, நெருக்கடியில் அணியை வழிநடத்திய வீரம் இருக்கிறது. (வழிநடத்தினான் என்பது பொய்யில்லை. எல்லோருக்கும் பரோட்டா ஆர்டர் செய்தது அவன்தான்.) இந்தப் பெண்ணின் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "நீங்க லைஃப்ல எங்கேயாவது ஃபெயில் ஆகியிருக்கணுமே" என்று கன்சல்டன்ட் உதட்டைப் பிதுக்கினாராம்.

டிராஃப்ட் ரெடியாகியும் முதல் ரவுண்டுக்கு அவள் விண்ணப்பிக்கப் போவதில்லையாம். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யவில்லையே சார் என்கிறாள். இரண்டாவது ரவுண்டு ஜனவரித் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் அவளையும் எதையாவது கவிழ்க்கச் சொல்லலாமா என்று தயவுசெய்து தெரியப்படுத்தவும். டிசம்பரில் நல்ல வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன. வாடிக்கையாளரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் மேனேஜர்

இணைப்பு: தலைசிறந்தவர் – 3 பிரதிகள்