குழம்புக்கு எதற்கு ஃபுல் ஃபிரேம்?

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பிள்ளைச்சாவடி கடலோர ஊர். இங்கே மீனுக்குப் பஞ்சமில்லை. மீன் குழம்பைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் படத்தில் இருக்க வேண்டிய சிவப்புக்குத்தான். சட்டியில் செக்கச்செவேலென்று கொதித்த குழம்பு, திரையில் செங்கல் கரைத்த தண்ணீராக நிற்கிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது: நல்ல கேமரா, அதுவும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்க வேண்டும். இந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு மேல்முறையீடு உண்டு. கூண்டில் ஏற வேண்டியது தலைக்கு மேல் எரியும் எல்இடி டியூப் லைட்.

விளக்கு ஒன்று நிறங்களை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண எல்இடி 80 வாங்கிப் பாஸாகிவிடும். ஆனால் அந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆர்9 எனப்படும் அடர்சிவப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. மிளகாய்த்தூளில் ஃபெயிலான விளக்கும் முதல் வகுப்பில் தேறி நம் அடுப்பங்கரைக்கு வந்துவிடலாம். போதாக்குறைக்கு டியூப் லைட் 6500 கெல்வின் நீல வெளிச்சம். பக்கத்துச் சுவரில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு. கேமரா ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சத்தைத்தான் வெள்ளை என்று நம்பும். இட்லி ஒரு பக்கம் நீலம் பாரித்தும் மறுபக்கம் காமாலை கண்டும் கிடப்பதற்கு லட்ச ரூபாய் கேமராவிலும் சுலபமான மருந்து கிடையாது.

மருந்து ஜன்னலில் இருக்கிறது. பரிமாறிய மேசையின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று, புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில் புகைப்படக்கலையின் முன்னோடி நியெப்ஸ் எடுத்ததாகக் கருதப்படுவது. அவர் 1833-ல் காலமானார்; வீட்டுக்கு மின்விளக்கு வர அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த மேசைக்குப் பகல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. நம் ஊரிலோ கடல் கிழக்கே. காலையில் கிழக்கு ஜன்னலில் வெயில் நேராக அடிக்கும். குழம்பின் எண்ணெய் கண்ணைக் கூசவைக்கும். பகல் ஒரு மணிக்கு மேல் வெயில் கூரையைத் தாண்டிப் போய்விட, அதே ஜன்னலில் வானத்தின் மென்மையான வெளிச்சம் மட்டும் மிஞ்சும். குழம்பு இறக்குவதும் அந்நேரம்தான்! வெளிச்சம் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருந்து வருமாறு தட்டை வைத்தால் ஆவி தெரியும், மீனின் தோல் மினுங்கும். நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. வெயில் அடித்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டி. வேட்டியை மட்டமாக நினைக்க வேண்டாம். 1956-ல் வந்த 'அபராஜிதோ' படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்துதான் காசி வீட்டு முற்றத்தின் வெளிச்சத்தை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜன்னல் எங்கே போவது? நியாயமான கேள்வி. சிஆர்ஐ 95-க்கு மேல் உள்ள எல்இடி பேனல் ஒன்றை வாங்கி, முன்னால் துணி கட்டி, மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கரண்ட் போய்விட்டதா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். பெரிய கேமராவில் பின்னணி அழகாக மங்குமே என்பது அடுத்த வாதம். மங்கும். லென்ஸின் திறப்பை எஃப் 1.8 என்று அகலமாக வைத்துக் கிட்டப் போனால் மீனின் கண் மட்டும் தெளிவாக இருக்கும், வாலும் சேர்ந்து மங்கிவிடும். முழு மீனும் தெரிய திறப்பைச் சுருக்கி எஃப் 8-க்குப் போக வேண்டும். போனால் வெளிச்சம் போதாது. வழக்கு மறுபடி விளக்கிடமே வந்து நிற்கிறது. தட்டு எழுந்து ஓடாது என்பதால், ட்ரைபாடில் நிறுத்திய போனே மெதுவான ஷட்டரில் சமாளித்துவிடும். 2எக்ஸ் ஜூம் வைத்துச் சற்றுத் தள்ளி நின்றால் தட்டின் முன்விளிம்பும் உப்பித் தெரியாது. கடற்காற்று வீசும் ஊரில் அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வேறு குடியேறும்; ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைக்கும் டிரை பாக்ஸ் தனிச் செலவு. ஹோட்டல் மெனுவும் போஸ்டரும் எடுத்துப் பிழைப்பவர்கள் பெரிய கேமரா வாங்கட்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தை வஞ்சிரத்தில் போட்டுவிட்டு, ஜன்னலை மறைத்து நிற்கும் மிக்ஸியை முதலில் நகர்த்துங்கள்.