நின்றபடி செல்லும் பயணியின் நிலைமம்: டவுன் பஸ் இயக்கவியலுக்கு ஒரு முன்னுரை

பள்ளிப் பாடநூல்களில் ஒரு பேருந்து தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரே ஒரு பயணி நிற்கிறார். பேருந்து திடீரென நிற்கிறது, அவர் முன்னால் சாய்கிறார், நிலைமம் நிரூபணமாகிறது, மாணவருக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கிறது. இந்தப் பயணியைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை எழுப்பாத ஐயங்கள் சில உண்டு. வண்டியில் வேறு யாருமே இல்லாதபோது அவர் ஏன் உட்காரவில்லை? சாய்ந்த பிறகு டிரைவரை என்ன சொல்லித் திட்டினார்? டிக்கெட் வாங்கினாரா? பாடநூல் மௌனம் சாதிக்கிறது.

அந்தப் பேருந்து கற்பனை; ஆகவே அந்தப் பயணியும் கற்பனை. இக்கட்டுரை உண்மையான டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்கிறது: காலை எட்டரை மணி, கல்லூரி நாள், ஏறவே இடமில்லாத வண்டி. நமது கருதுகோள் இது: நியூட்டனின் விதிகளுக்கு எல்லாப் பயணிகளும் கட்டுப்பட்டவர்கள், ஆனால் அவற்றைக் கையாளத் தெரிந்தவர் கண்டக்டர் ஒருவர்தான்.

முதலில் மரபுப்படி முன்னோர் கருத்து. 1632-இல் வெளியான நூலில் கலிலியோ ஒரு கப்பலின் கீழறைக்குள் வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டு, தொட்டியில் மீனை நீந்தவிட்டு, மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து நீரைச் சொட்டவிடச் சொன்னார். கப்பல் சீரான வேகத்தில் போனால், இவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது போகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. இதை நாம் புறவழிச்சாலையில் சோதிக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் சீராக ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு நாணயத்தை நேராக மேலே சுண்டினால், அது பின் சீட்டுக்காரர் மடியில் விழாது; சுண்டியவர் உள்ளங்கைக்கே திரும்பும். (மீதிச் சில்லறை அவரிடமே தங்கிவிடுவதற்கு இது காரணம் அல்ல. அது தனி ஆய்வுக்குரியது.) நியூட்டன் 1687-இல் மூன்று விதிகளாக எழுதிவைத்தது இந்த அடித்தளத்தின் மேல்தான். இருவரும் டவுன் பஸ்ஸில் ஏறியதில்லை என்பதால் சீரான வேகத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி பிரேக். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். டிரைவர் ஓங்கி மிதித்தால் வேகம் நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் குறையும் என்று கொள்வோம். வண்டி நிற்க நாலு நொடிக்குச் சற்றுக் குறைவாகவும் 20 மீட்டர் தூரமும் ஆகும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அதே வீதத்தில் நிறுத்த 180 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய 18 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் விசை. இந்த விசை அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

பாடநூல் சொல்லாமல் விடும் இடம் இது. பயணி வழுக்கிக்கொண்டு முன்னால் போவதில்லை. ரப்பர் செருப்புக்கும் தகரத் தரைக்கும் இடையிலான உராய்வு, மழை நாளைத் தவிர, அந்த 180 நியூட்டனைத் தாராளமாகத் தரும். காலை நிறுத்துவது உராய்வு. தலைக்கும் தோளுக்கும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. கால் பஸ்ஸோடு நிற்கிறது, உடம்பு பழைய வேகத்திலேயே போகிறது, ஆகவே ஆள் கவிழ்கிறார். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்பவருக்கு அதற்கு முன்புறம் கிடைக்கும் ஆதாரம் 12 செ.மீ. போல. கணக்குப் போட்டால், வேகம் நொடிக்கு நொடி 1.3 மீட்டர் வீதம் குறைந்தாலே அவர் கவிழத் தொடங்கிவிடுவார். நம் டிரைவர் மிதித்ததோ அதைப்போல் இரு மடங்குக்கு மேல்.

இப்போது கண்டக்டரைப் பாருங்கள். அவர் கம்பியைப் பிடிப்பதில்லை; ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் பணம், வாயில் விசில். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். அதுவும் நேர்கோட்டில் இல்லை, குறுக்குச்சாய்வில். பிரேக் நீளவாக்கில் வரும், திருப்பம் பக்கவாட்டில் வரும், இரண்டுக்கும் ஒரே நிற்பு. நீளவாக்கில் 60 செ.மீ. விரித்த கால்களுக்கு மேலே சொன்ன எல்லை 3.3 ஆக உயர்ந்துவிடுகிறது, ஆகவே 3 அவரை ஒன்றும் செய்யாது. முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். ஈர்ப்பு மையம் தாழ்வதற்கும் பள்ளத்தின் குலுக்கல் இடுப்போடு நிற்பதற்கும் இது போதும். இடுப்பு ஏதோ ஒரு சீட்டின் விளிம்பில் சார்ந்திருக்கும். ஆக மூன்று இடத்தில் ஆதாரம். அந்த மூன்றாவது ஆதாரத்தால் சீட்டுக்காரர் படும் பாட்டை இக்கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும், இரட்டை விசிலுக்குக் கிளம்பும். இரண்டையும் ஊதுபவர் அவரே. விசை வரும் முன்பே அவர் தசைகள் தயார். சாதாரணப் பயணி உணர்ந்து சுதாரிக்கக் கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில், நமது பிரேக் கணக்குப்படி, அவர் உடம்பு காலை விட 9 செ.மீ. முன்னால் போயிருக்கும். கையிருப்பு 12 செ.மீ. என்று மேலே பார்த்தோம். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு அதோடு முடிந்தது.

சரி, நெரிசலில்? இங்கே ஒரு புதிர். ஒற்றைப் பயணி விழுகிறார். எண்பது பேர் நிற்கும் வண்டியில் ஒருவரும் விழுவதில்லை. விழ இடம் இல்லை என்று பாமரர் கூறுவர். ஆய்வாளர் கூறுவது: ஒவ்வொருவரும் தம் நிலைமத்தை முன்னால் நிற்பவர் முதுகில் ஒப்படைக்கிறார், அவர் தமக்கு வந்ததையும் சேர்த்து அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். மூன்றாம் விதிப்படி ஒவ்வொரு முதுகும் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது, அதைப் பேச்சு வழக்கில் “ஏங்க, மேல வந்து விழுறீங்க?” என்பார்கள். எல்லார் கணக்கும் சேர்ந்து வந்து முடிவது எஞ்சின் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நிற்கும் ஒருவரிடம். அவர் வாங்கிய டிக்கெட் மட்டும் ஒன்றுதான்.

கண்டக்டர் இதையும் அறிவார். “உள்ள போங்க, முன்னாடி காலியாத்தானே இருக்கு” என்று அவர் பத்து முறை சொல்லியும் நகராத கூட்டம், டிரைவர் போடும் ஒரே பிரேக்கில் நகர்ந்துவிடும். படியில் தொங்கியவருக்கு உள்ளே இடம் கிடைக்கும். அரிசி அளக்கும் படியைக் குலுக்கினால் இன்னும் ஒரு பிடி கொள்ளும் அல்லவா, அதேதான். படியில் தொங்குவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி குற்றம். இயற்பியல்படியோ, விரல்கள் தரும் உராய்வின் மேல் உயிரை ஈடுவைப்பது.

வளைவுகளை ஆராயச் சமவெளி போதாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போகவேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால், 60 கிலோ பயணியைத் திருப்ப 12 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 30 கிலோமீட்டரில் போனால் 18 அல்ல, 28 கிலோ; விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. தம்மை யாரோ வெளியே தள்ளுவதாகப் பயணி நினைக்கிறார். தரையில் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசையே கிடையாது: பயணி நேராகப் போகப் பார்க்கிறார், பஸ் திரும்பிவிட்டது. அவரையும் திருப்பும் மையநோக்கு விசையை அளிப்பது பக்கத்து ஆளின் தோள். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று அவரிடம் சொல்வது, அந்த விசையே வேண்டாம் என்று சொல்வதாகும்.

முதல் விதி காதுக்குள்ளும் செயல்படுகிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். தலை திரும்பும்போது திரவம் நிலைமத்தால் பின்தங்குகிறது. அதிலிருந்துதான் மூளை திருப்பத்தை அறிகிறது. காது திரும்புகிறோம் என்கிறது, முன் சீட்டின் முதுகையே பார்க்கும் கண் இல்லை என்கிறது. தகராறு முற்றினால் வயிறு தீர்ப்புச் சொல்லிவிடும். சன்னலோர இருக்கைக்கு நடக்கும் போட்டியின் அறிவியல் அடிப்படை இதுவே. எலுமிச்சம்பழம் எந்த விதியின் கீழ் வேலை செய்கிறது என்பதை நியூட்டன் விளக்கவில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு சிக்கல். நிறுத்தத்தில் நாற்பது பேர் காத்திருக்க, வண்டி அவர்களைத் தாண்டி வெகுதூரம் போய் நிற்கிறது. நாற்பது பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நிறுத்தத்துக்கு நேரே வந்தபிறகுதான் பிரேக்கை மிதித்தார் என்று சலுகை காட்டினாலும் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 20 மீட்டர்தான் வருகிறது. வண்டி நிறைந்திருந்தது என்ற வாதமும் செல்லாது: நிறை கூடினால் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வும் அதே விகிதத்தில் கூடும், நிற்கும் தூரம் பெரிதாக மாறாது. ஆக முதல் 20 மீட்டரை நியூட்டன் பேரில் எழுதலாம். மீதித் தூரத்துக்கு அவர் பொறுப்பல்ல. அதைப் பற்றி டெப்போவில்தான் விசாரிக்கவேண்டும்.