தொலைந்த சர்வீஸ் புத்தகமும் கிடைத்த வண்டியும்: வீரசோழன் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

மூலம் அழிந்து மேற்கோள்களில் மட்டும் உயிர் பிழைத்த நூல்கள் தமிழில் உண்டு. தகடூர் யாத்திரை அவற்றுள் ஒன்று. பிறர் எடுத்தாண்ட பாட்டுகள் கிடைத்திருக்க, நூலைக் காணோம். பழைய ஸ்போர்ட்ஸ் பைக் விஷயத்தில் நிலைமை இன்னும் விபரீதமானது. மூலம் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து கண்முன்னே நிற்கிறது. அதன் வரலாற்றைச் சொல்லும் சர்வீஸ் புத்தகத்தைத்தான் காணோம். உரையோ விற்பவர் வாயிலிருந்து மடை திறந்து வருகிறது. வாங்க வந்தவர் மூலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உரையைக் கேட்கிறார். பிறகு ஏடு இல்லையே என்று வருந்துகிறார். ஏடு தொலைந்தது இழப்பே அன்று, இருந்திருந்தால்தான் ஆய்வு கெட்டிருக்கும் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்து வீரசோழன். ஊர்ப்பெயருக்கும் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியத்துக்கும் உறவு உண்டா என்று முதல் இயல் முழுவதையும் செலவிட்டு, 'மேலாய்வு தேவை' என்று முடிப்பது முனைவர் பட்ட மரபு. இங்கே அது இந்த ஒரு வரியோடு சரி. ஆய்வுப் பொருள், 2008இல் வெளிவந்த யமஹா ஆர்15 முதல் பதிப்பு: 150 சிசி, ஆறு கியர், கூலன்ட் ஓடும் ரேடியேட்டர். கரிஸ்மா பற்றாளர்கள் கோபிக்க வேண்டாம். 2003இல் வந்த அந்த 223 சிசி இன்ஜினைக் காற்றுதான் குளிர்விக்கிறது, ஆகவே இக்கட்டுரையின் தலையாய சான்றுகளுள் ஒன்று அதில் கிடைக்காது. ஆர்எக்ஸ் 100க்கோ தனியே ஒரு பக்தி இலக்கியமே உண்டு.

முதலில் உரைமரபு. விற்பவர் கூற்றுகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறாமல் வழங்குவதால் அவற்றை ஒரே பாடத்தின் பல படிகளாகக் கொள்ளலாம். 'டாக்டர் ஓட்டுன வண்டிண்ணே' என்பது அருப்புக்கோட்டைப் பாடம். 'வாத்தியார் ஓட்டுன வண்டிண்ணே' என்பது கமுதிப் பாடம். 'இன்ஜின்ல கையே வைக்கல' எல்லாப் படிகளிலும் காணப்படுவதால் அது மிகப் பழமையானது, அல்லது மிகப் பிற்கால இடைச்செருகல் (டீக்கடைப் பெஞ்சுக் கோவை, வடக்குப் பெஞ்சு). 'சிங்கிள் ஓனர்' பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆர்.சி.யில் மூன்றாவது பெயர் இருக்கிறது. மருத்துவர்கள் இத்தனை பேர் குனிந்து ஓட்டும் வண்டியில் நோயாளி பார்க்கப் போயிருந்தால் முதுகுவலி வைத்தியம் இந்நேரம் எங்கோ போயிருக்கும் என்பது எதிர்க்கட்சியார் வாதம் (பஞ்சர்க் கடைக் கிழக்குச் சுவர்க் கரிக்கோட்டுக் கல்வெட்டு, மூன்றாம் வரி, சுண்ணாம்பு அடிப்பதற்கு முந்தைய பாடம்).

சர்வீஸ் புத்தகம் இருந்துவிட்டால் இந்த வம்பே இல்லையே என்பர் ஒரு சாரார். புத்தகம் எதை நிறுவும்? ஒரு தேதியில் ஒரு தாளின்மேல் ஒரு முத்திரை விழுந்ததை நிறுவும். அன்றைக்கு ஆயில் மாறியதா என்பது வேறு கேள்வி. இலவச சர்வீஸ் கூப்பன் தீர்ந்த கையோடு வண்டி மரத்தடி மெக்கானிக்கிடம் போய்விடுவது நம் நாட்டு வழக்கம். அவரிடம் ஸ்பேனர் உண்டு, முத்திரை கிடையாது. ஆகவே பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை முத்திரை குத்திய புத்தகம் கிடைத்து, அதுவும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே கையெழுத்து என்றால், அதைப் போலிச் செப்பேடு ஆராய்பவரிடம் ஒப்படைப்பதே முறை. கம்பெனி சர்வீஸ் நிலையத்துக் கணினியில் சேஸ் நம்பரைத் தட்டினால் பழைய கணக்கு வருமே என்பது இதைவிட வலுவான தடை. வரலாம், தட்டிப் பார்ப்பதும் நல்லது. கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் அங்கே வந்தது என்று தெரிந்தால், இன்றைய மீட்டர் அதற்கும் கீழே காட்டுகிறதா என்று கண்டுகொள்ளலாம். ஆனால் மரத்தடிக்குப் போன நாளோடு அந்தக் கணக்கு நின்றுவிடும். இருண்ட காலம் தொடங்குவது அங்கேதான். களப்பிரர் காலத்தைப் போலவே இங்கும் சான்று குறையக் குறைய நூல் தடிக்கிறது.

இனி மூலத்துக்கு வருவோம். வீரசோழன் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார். பால்பல் ஒரு ஜோடி விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டிய உருப்படி என்று விலை பேசுகிறார். வண்டிக்கும் பல் உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோலக் கூர்ந்திருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் வண்டி வெகுதூரம் ஓடியிருக்கிறது. செயின் செட் புத்தம் புதிதாக இருந்தால்? எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டிக்கு எதற்குப் புதுசு என்று கேட்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3114 என்றால் 2014ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் பிறந்த டயர். நம் கல்வெட்டுகளில் இவ்வளவு தெளிவாகத் தேதி போட்டவை கிடைத்திருந்தால் எத்தனையோ பேருக்கு வேலை போயிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் பக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பதும் ஓர் ஆய்வு முறையே: சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எழுப்பும் சத்தத்தை நாம் கேட்கக் கூடாது என்று யாரோ முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் மூடிகள் சேரும் இடுக்கில் அனபாண்ட் பசை பிதுங்கியிருந்தால், போல்ட் தலைகள் மழுங்கியிருந்தால், கை வைத்தாயிற்று. இதைச் சிறு விஷயமாக எண்ணலாகாது. ஆர்எக்ஸ் 100ஐப் போல லேத்தில் கொடுத்துப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும் ரகம் அன்று ஆர்15. இரும்பு லைனர் இல்லாத அலுமினிய-சிலிக்கான் சிலிண்டர், கீறல் விழுந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டும்.

இக்கட்டுரையின் உயிர்நிலையான மண்ணடுக்குச் சான்றை இனி விரிவாகப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சென்னையில் மூழ்கிய இருசக்கர வண்டிகள் ஏராளம். அவை கரைந்து போய்விடவில்லை. காய்ந்து, கழுவி, பாலிஷ் போட்டு எங்கோ விலை போயிருக்க வேண்டும். மழை அருகிய சீமையைவிட அதற்குத் தோதான இடம் எது? துரு பற்றிய ஐயம் இங்கே யாருக்கு வரும்? எனவே டிஎன் 22 என்று தொடங்கும் சென்னை வண்டி வந்தால் ஹெட்லைட் கூண்டைத் திறந்து அடியில் விரலால் துழாவ வேண்டும். சாம்பல் நிற வண்டல் அகப்பட்டால் அது முதல் அடுக்கு, அடையாற்று அடுக்கு. சீட்டுக்கு அடியில் வயர் முனைகளில் பூத்த பச்சைக் களிம்பு அதே காலத்தது. அதன்மேல் படிந்த கரிசல் தூசி இரண்டாம் அடுக்கு, அதாவது வண்டி திருச்சுழிப் பக்கம் குடியேறிய காலம். ரேடியேட்டரின் ரிசர்வ் தொட்டியில் படிந்த வெள்ளைக் காரை மூன்றாம் அடுக்கு: கூலன்ட் தீர்ந்தபோது எவரோ போர்வெல் உப்புத்தண்ணியை ஊற்றிய காலம். இந்தக் காரை ரேடியேட்டர்க் குழாய்களையும் அடைத்து இன்ஜினைக் கொதிக்க வைக்கும் என்பதால் மூன்று அடுக்குகளில் இதுவே விலையுயர்ந்தது. கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்பது விதி. கரிசல் கீழும் வண்டல் மேலுமாக இருந்தால் என்ன செய்வது? வண்டி இங்கே பிறந்து சென்னைக்குப் போய் மூழ்கித் திரும்பியது என்பர் பூர்வகுடிக் கொள்கையினர், கழுவியவன் தலைகீழாகக் கழுவினான் என்பர் மாற்றுக் கட்சியினர் (மேற்படி கிழக்குச் சுவர், சுண்ணாம்பு அடித்த பின், காதுகுத்துப் போஸ்டருக்குக் கீழே தெரியும் பகுதி மட்டும், போஸ்டருக்கு அடியில் உள்ளதை ஊகித்து எழுதிய பதிப்பு நம்பத்தக்கதன்று, ஆனால் அதுவே அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது).

இதெல்லாம் காலக்கணிப்பா என்று கேட்கலாம். பக்கத்து மாவட்டத்துக் கீழடியில் முறைப்படி குழி வெட்டி, கரிமத்தைக் கடல் கடந்து அனுப்பிக் காலம் கண்டு, 982 பக்கம் எழுதிக் கொடுத்த அறிக்கையையே 2025இல் தில்லி திருத்தி எழுதி வரச் சொன்னது. ஹெட்லைட்டுக்குள் விரல் விட்டு எடுத்த சேற்றை யார் ஏற்பார்? ஏற்க வேண்டியவர் ஒருவர்தான், விற்பவர். அவர் இரண்டாயிரம் குறைத்தால் கணிப்பு ஏற்கப்பட்டது என்று பொருள். சர்வீஸ் புத்தகம் கையில் இருந்திருந்தால் இந்த இரண்டாயிரம் கிடைத்திராது. அதைக் காட்டியே அவர் கூடுதலாக ஐந்து கேட்டிருப்பார்.

ஆர்.சி. மட்டும் இந்த ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. 2008இல் பதிவான வண்டிக்குப் பதினைந்து ஆண்டு 2023இல் முடிந்துவிட்டது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருக்க வேண்டும், கடனில் வாங்கிய வண்டியானால் கடன் கழிந்திருக்க வேண்டும், 29, 30 படிவங்களில் கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகம் பாடபேதங்களை ஏற்பதில்லை.

மேலாய்வுக்கு உரியது இரண்டாவது சாவி. அது எப்போதும் 'ஊர்ல இருக்கு'. விற்பவர் நிற்பதே சொந்த ஊரில்தான் என்னும்போது எந்த ஊர் என்பது விளங்கவில்லை (டீக்கடைப் பெஞ்சுக் கோவை, தெற்குப் பெஞ்சுப் பாடம், அந்தப் பெஞ்சு இப்போது இல்லை, அதன் கால் ஒன்று மட்டும் வடக்குப் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்த நிலையில் கிடைக்கிறது). நல்கை கிடைத்தால் இரண்டு ஆண்டுக் களப்பணியில் இதை முடித்துவிடலாம். திட்ட மதிப்பீட்டில் ஒரு வண்டியும் சேர்க்கப்பட்டுள்ளது.