வனவாசத் திட்டக்காரர்

திருவனந்தபுரத்தின் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராகக் காணப்படும் வனவாசத் திட்டக்காரர், காட்டுக்குப் போவதைவிடக் காட்டு விடுதிக்குத் தொலைபேசியில் பேசுவதிலேயே மிகுந்த நாட்டமுடையவர். குழந்தைகள் இருவர்; மூத்தது ஒன்றாம் வகுப்பு, இளையது பால்புட்டியை விடாதது. உத்தியோகம் பெரும்பாலும் ஏஜீஸ் ஆபீஸ் எனப்படும் கணக்குத் தணிக்கை அலுவலகம், அல்லது அதன் தணிக்கைக் குணம் தொற்றிய வேறோர் அலுவலகம். கேரளத்தில் பள்ளிக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால், அவருடைய திட்டம் அதற்கு முந்தைய ஓணத்திலேயே தொடங்கிவிடும்.

இடத்தேர்வு விரைவில் முடிந்துவிடும். 22 கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போகவேண்டிய பொன்முடி, மூன்றாவது வளைவிலேயே வாந்தியெடுக்கும் மூத்த குழந்தையை முன்னிட்டு நீக்கப்படும். அகத்தியர்கூடம், 14 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை என்ற விதியால் தானே நீங்கும். விதி இல்லாதிருந்தால், 1,868 மீட்டர் உயரத்துக்கு இளையதைத் தூக்கிச் செல்வது யார் என்ற கேள்வி எழுந்து குடும்ப அமைதி குலைந்திருக்கும். தென்மலை பக்கத்தில் இருக்கிறது என்பதே அதன் குறை. எஞ்சுவது தேக்கடி: 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரியும், அதைச் சுற்றி 1978ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாகி, இன்று 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடும். காப்பகத்தின் உள்ளே தங்குமிடங்கள் மிகச் சில. ‘காட்டு விடுதி’ என்று பெயர்ப்பலகை தொங்கவிட்டவற்றுள் பல, தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளியின் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவை. இந்த உண்மையைத் திட்டக்காரர் அறிவார், அறிந்தே அழைக்கிறார்.

முதல் அழைப்பு வெந்நீரைப் பற்றியது. வெந்நீர் உண்டு என்ற விடை அவருக்குப் போதாது. அது கீசரா, சோலாரா, சோலார் என்றால் மேகமூட்டமான நாளில் நிலைமை என்ன என்பதும் விளங்கவேண்டும். இரண்டாம் அழைப்பு பால்கனிக் கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளி குறித்தது. குழந்தையின் தலை நுழையுமா என்று கேட்பதோடு நில்லாமல், தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் சொல்லி, வரவேற்பு மேசையிலிருக்கும் இளைஞரை ஸ்கேலோடு மாடிக்கு அனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை லைனிலேயே காத்திருப்பார். மூன்றாம் அழைப்பு, விடுதிக்காரர்கள் சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று மூவகையாகப் பிரிக்கும் கட்டணத்தைப் பற்றியது. முதலாவதில் காலை உணவு மட்டும், இரண்டாவதில் அதனோடு மற்றொரு வேளைச் சாப்பாடு, மூன்றாவதில் மூன்று வேளையும் வாடகையில் அடங்கும். தயிர்சாதம் தவிர வேறெதையும் தொடாத குழந்தைக்கு இம்மூன்றில் எது நியாயம் என்பது அவர் எழுப்பும் ஆட்சேபம். அடுத்தது அட்டை. ‘மோனே, அட்ட உண்டோ?’ என்று அவர் மலையாளத்தில் வினவ, அட்டை என்பது மழை தொடங்கியபின் ஈரச் சருகில் கிளம்புவது, ஏப்ரலில் அவ்வளவாக இராது, இருந்தாலும் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறை உண்டு என்று அந்த இளைஞர் விளக்க, அந்தக் காலுறை ஒன்றரை வயதுக்கான அளவில் கிடைக்குமா என்ற கேள்வி உடனே பிறக்கும்.

புலிக்கு இரண்டு அழைப்புகள். படகிலிருந்து புலி தெரியவேண்டும் என்பது ஒன்று. குடிலின் பக்கம் அது வரக்கூடாது என்பது மற்றொன்று. ஏரிக்கரையில் யானையும் காட்டுமாடும் மிளாவும் கண்ணில் படுவதுண்டு, புலி தென்படுவது அரிது என்னும் நேர்மையான விடை, வாக்குறுதியிலிருந்து நழுவுவதாகவே அவர் குறிப்பேட்டில் பதிவாகும்.

ஆயினும் அவருடைய கேள்விகளுள் ஒன்றைக் கேலி செய்வதற்கில்லை. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். குழந்தைக்கு அளவான மிதவைச் சட்டை உண்டா என்று அவர் ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும், ஏற்கெனவே உண்டு என்று சொல்லப்பட்ட பிறகும், குரலைத் தாழ்த்திக் கேட்பது அதனால்தான்; அப்போது மட்டும் அவர் தணிக்கையாளராக இன்றித் தந்தையாகப் பேசுகிறார், மேசை இளைஞரும் அலுப்பின்றி விடை சொல்கிறார்.

எனினும் இத்தனை அழைப்புகளுக்கு நடுவில், இரவில் சமையற்கட்டை மூடியபின் பால் காய்ச்ச வழியுண்டா என்பதை அவர் கேட்பதேயில்லை. கேட்கும்படி மனைவி பலமுறை சொல்லியிருப்பார். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக்கொடுத்ததும், காய்ச்சல் மருந்து முதல் கஞ்சிமாவு வரை கட்டிவைத்ததும் அந்த அம்மையாரே. வழியில்லை என்பது போய்ச் சேர்ந்த இரவுதான் தெரியவரும். அறையிலுள்ள மின்கெட்டில் தண்ணீருக்கானது. அதில் பாலைக் காய்ச்சினால் அடிப்பிடிக்கும். மறுநாள் விடியலில் திட்டக்காரர் மூத்த குழந்தையோடு படகுக்குக் கிளம்பிப் போக, இளையதை இடுப்பில் வைத்துக்கொண்டு குளியலறைக் குழாயடியில் அந்தக் கெட்டிலைத் தேய்த்துக்கொண்டிருப்பவர் மனைவி. வாங்கிய படகுச் சீட்டுகளுள் ஒன்று வீணானது பற்றி மத்தியானம் விளக்கம் சொல்லவேண்டியவரும் அவரே.