எடுக்கப்போகிற சைக்கிள்

இராஜாக்கமங்கலத்தில் தேங்காய் விலை தெரியாதவர்கூட இருக்கலாம். ‘கியர் சார்’ இன்னும் சைக்கிள் எடுக்கவில்லை என்பது தெரியாதவர் கிடையாது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரைக்கு சைக்கிள் மிதிப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். எந்த சைக்கிள் என்று சொல்லாமல் விட்டதுதான் வினை.

முதலில் சார் ஒதுக்கியது பதினைந்தாயிரம். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய கம்பெனி, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவன் தயாரிப்புதான், நம்பி எடுக்கலாம் என்றார். அந்த வாரமே எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால், “கூட கொஞ்சம் பைசா போட்டா” என்று ஒரு வார்த்தை இருக்கிறதே!

கூட கொஞ்சம் போட்டால் திருவனந்தபுரம் டெக்கத்லான் கடையில் டிரைபன் சைக்கிள் கிடைக்கும். அதில் ஷிமானோ கியர். ஜப்பானில் 1921இல் பிறந்த கம்பெனி. சைக்கிளில் எவன் பெயர் எழுதியிருந்தாலும் கியர் பெரும்பாலும் இவன் கொடுத்ததாகத்தான் இருக்கும். இவன் சரக்கில் கீழிருந்து மேலாக கிளாரிஸ், சோரா, டியாக்ரா, நூற்றைந்து, அல்டெக்ரா, டூரா ஏஸ் என்று வரிசை உண்டு. சார் இதைச் சாயாக்கடையில் சத்தமாக ஒப்பித்தபோது, துறையிலிருந்து மீன் விற்றுவிட்டு வந்த பெரியவர், “கிளாரிஸும் சோராவும் எந்தப் பங்குல உள்ள பிள்ளையளு சார்?” என்று அக்கறையாக விசாரித்தார்.

கிளாரிஸில் தொடங்கியவர் சோராவைக் கடந்து, நூற்றைந்துக்கு வந்து கார்பன் சட்டத்தில் போய் நின்றார். ட்ரெக், ஜெயன்ட், 1885இல் இத்தாலியில் தொடங்கிய பியாங்கி. விலை லட்சங்களில். “இந்தப் பைசாவுக்கு புல்லட் எடுக்கலாமே ஓய்” என்று யாராவது சொன்னால், ‘எடையைக் கவனிக்கணும்’ என்பார். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேசச் சங்கம் விதியே போட்டிருக்கிறதாம். அம்பதாயிரத்து வண்டிக்கும் லட்சக்கணக்கு வண்டிக்கும் எடையில் இரண்டு கிலோ வித்தியாசம் என்று வீட்டிலும் விளக்கினார். “ரெண்டு கிலோ கொறைக்க லட்ச ரூவாயா? ராத்திரி புரோட்டாவ நிறுத்துங்க, ஓசியிலயே கொறையும்” என்றார் அவர் மனைவி. கணக்கு வாத்தியாருக்குப் பதில் கணக்கு வரவில்லை.

கார்பனை வேண்டாமென்று வைத்தது புரோட்டாவால் அல்ல, தென்னையால். கார்பன் சட்டத்தில் பலமாக அடிபட்டால் உள்ளே விரிசல் விட்டிருப்பது வெளியே தெரியாமலும் போகும். நம் ஊரில் சைக்கிளைத் தென்னை மூட்டில் சாய்க்காமல் வேறெங்கே சாய்ப்பது? சரி, இரும்பு என்றால் உப்புக்காற்று. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் சங்கிலி பிடிக்கும். நோட்டில் ஒரு பக்கம் மலிவு, மறுபக்கம் ஒசத்தி என்று கோடு போட்டு மார்க் போட்டிருக்கிறார். பையன்களுக்குக்கூட இவ்வளவு கறாராகத் திருத்தியதில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

மேற்குக் கரையோரமாகவே கன்னியாகுமரிக்கு மிதித்து வருகிற வெளியூர்ப் பையன்களை அவர் விடமாட்டார். ஒருவன் டயரில் காற்றுப் போய் நின்றான். சார் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி, “எட்டரை கிலோ” என்றார். சரியாகத்தான் சொன்னார் என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் கடைப் பம்பு அந்த ஒல்லி வால்வில் ஏறவில்லை. அது பிரெஸ்டா வால்வு, பித்தளை அடாப்டர் வைத்தால் ஏறும் என்று சார் முழுப்பாடம் நடத்தினார். அடாப்டர்தான் ஒருவரிடமும் இல்லை. “சாருக்கு என்ன சைக்கிள்?” என்று அவன் கேட்டதும், பக்கத்திலிருந்த தம்முடைய வண்டியைப் பார்க்காமல், “பார்த்துக்கிட்டிருக்கேன் மக்கா” என்றார். பக்கத்திலிருந்தது பேத்திக்குப் பிளஸ் ஒன் படிக்கையில் அரசு கொடுத்த சைக்கிள், முன்னால் கூடையோடு. அதில்தான் தினமும் சாயாக்கடைக்கு வந்து உலக சைக்கிள்களை எடைபோடுகிறார்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அவர் பேச்சைக் கேட்டு டிரைபன் எடுத்த பையன் ஞாயிறுதோறும் மணக்குடிப் பாலம்வரை பறந்துவிட்டு வருகிறான். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில்பாரில் குனிந்து அவன் போகும்போது, அதற்குத் தரவேண்டிய பெருமையில் பாதி சாருக்குத்தான். அடுத்தவர் பைசா என்றால் அவர் அரைமணி நேரத்தில் முடிவு சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியான முடிவு. மலிவு வண்டியில் நல்ல டயரும், உடம்புக்குப் பொருந்தும் அளவும் போதும், மிச்சம் பெயருக்குக் கொடுக்கிற பைசா என்பார். பெரிய பெயர் ஒட்டிய சட்டங்களில் பலவும் தைவானிலும் சீனாவிலும் செய்தவைதான் என்பதையும் மறைக்க மாட்டார். தனக்கென்று வரும்போதுதான் சோராவுக்கும் டியாக்ராவுக்கும் நடுவே தூக்கம் போய்விடுகிறது.

போன வாரம் சாயாக்கடையில் ஏறியதுமே, “முடிவாயாச்சு” என்றார். சாயா ஆற்றுகிறவர் கையை நிறுத்தினார். சைக்கிள் கடைக்காரர் பஞ்சரை விட்டு எழுந்து வந்தார்.

“டயர் 28 எம்.எம். நம்ம ரோட்டுக்கு அதுதான் கொள்ளாம். மத்ததை மெதுவாப் பார்த்துக்கிடலாம்.”